அரை மில்லிமீட்டர் சாம்ராஜ்யம்

பாலக்கோடு பக்கம் போயிருக்கிறீர்களா? தர்மபுரியிலிருந்து ராயக்கோட்டை வழியாக ஓசூர் போகிற சாலையில் வரும் ஊர். தக்காளிக்குப் பேர்போன பூமி. மொபெட் என்கிற வண்டி எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால், தக்காளிக் கூடை கட்டுவதற்காக என்று சத்தியமே செய்வார்கள்!

இப்போது கொஞ்சம் பின்னால் போவோம். வண்டிகளில் பாயிண்ட் இருந்த காலம். விடிந்தும் விடியாத நேரம். பின்னால் இரண்டு கூடை, முன்னால் ஒரு கூடை. மார்க்கெட்டில் ஏலம் ஆரம்பிக்கப் போகிறது. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. மெக்கானிக் வருகிறார். பிளக்கைக் கழற்றுகிறார். வேட்டி நுனியில் துடைக்கிறார். ஒயரை மாட்டி, பிளக்கை இன்ஜின் மேல் படுக்க வைத்து, பெடலை ஒரு மிதி மிதிக்கச் சொல்கிறார். டிக்! நீலமாக ஒரு பொறி. சபாஷ். பிளக்கைத் திரும்ப மாட்டி மிதித்தால்... ம்ஹூம்.

''என்னா அநியாயம்ணா இது? வெளிய வெச்சா அடிக்குது, உள்ள போட்டா அடிக்க மாட்டேங்குது!''

தமிழ்நாட்டில் இந்த வசனத்தைக் கேட்காத மெக்கானிக் ஷாப் ஒன்றுகூட இருந்திருக்காது. விடை எங்கே இருக்கிறது தெரியுமா? 1889-ல், ஜெர்மனியில், 24 வயது இளைஞர் ஒருவர் செய்த பரிசோதனையில். அவரைப் பிறகு சந்திப்போம். அதற்கு முன், பிளக்கின் நுனியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

நடுவில் ஒரு கம்பி. பக்கவாட்டிலிருந்து வளைந்து வந்து அதன் தலைக்கு மேல் நிற்கிற இன்னொரு கம்பி. இரண்டும் தொடாது. நடுவே ஒரு சின்ன இடைவெளி. 'கேப்' என்பார்கள். பழைய வண்டிகளில் அது அரை மில்லிமீட்டர் சுமாருக்கு இருக்கும். பெட்ரோலில் ஓடுகிற உலகம் முழுவதும் நூறு வருஷத்துக்கும் மேலாக இந்த அரை மில்லிமீட்டர் காற்றைத் தாண்டித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது!

நான் பி.காம். படித்தவன். மின்சாரம் பற்றி எனக்கு உருப்படியாகத் தெரிந்தது இ.பி. பில் மட்டும்தான். ஆனால் இந்த கேப் சமாசாரத்தைப் புரிந்துகொள்ள வரவு செலவுக் கணக்கு தெரிந்தாலே போதும். காயில் தருகிற வோல்ட்டேஜ், வரவு. கேப்பைத் தாண்ட ஆகிற வோல்ட்டேஜ், செலவு. வரவு அதிகமாக இருந்தால் பொறி. செலவு மீறினால், கூடையோடு நடுரோடு. அவ்வளவுதான்.

சரி, இந்த வரவை யார், எப்படிச் சம்பாதித்தார்கள்? அங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

1860-ல் பாரீஸில் எத்தியன் லெனுவார் என்பவர் எரிவாயுவில் ஓடும் இன்ஜின் ஒன்று செய்தார். அதிலேயே மின்பொறி உண்டு. ஆனால் அது ஓர் இடத்தில் நின்றபடி ஓடிய சமர்த்து இன்ஜின். ஓடுகிற வண்டியில் பொறி வரவழைப்பதுதான் தலைவலி. கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கரக் காருக்கு 1886-ல் காப்புரிமை வாங்கினார். பாட்டரியும் காயிலும் வைத்து மன்றாடினார். அவரை ஆட்டி வைத்த பிரச்னைகளில் முதலிடம் இதற்குத்தான். 1888 ஆகஸ்ட்டில் அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல் இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு அதே ரகக் காரில் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு போனாரே... வழியில் இக்னிஷன் ஒயர் தேய்ந்து கரன்ட் ஒழுக, காலுறையை இறுக்கும் பட்டையைக் கழற்றி அதில் சுற்றினார் என்பார்கள். உலகின் முதல் நெடுந்தூர கார் பயணத்திலேயே ரிப்பேர் ஆனது என்ன என்று பார்த்தீர்களா? பொறி!

பென்ஸின் போட்டியாளர் காட்லீப் டைம்லரோ மின்சாரமே வேண்டாம் என்று, ஒரு குழாயைப் பழுக்கக் காய்ச்சி சிலிண்டருக்குள் விட்டார். குழாயைச் சூடாக்க ஒரு பர்னர். பக்கத்திலேயே பெட்ரோல். விபரீதத்துக்கு விளக்கம் தேவையில்லை.

பாட்டரி தீர்ந்துவிடும். குழாய் தீப்பிடிக்கும். பிறகு என்னதான் வழி? ஸ்டட்கார்ட் நகரில் 1886-ல் ஒரு சின்ன பட்டறை வைத்திருந்தார் ராபர்ட் பாஷ். மறு வருஷம் ஒரு வாடிக்கையாளர், நிலையான இன்ஜினுக்கு மேக்னெட்டோ வேண்டுமென்று கேட்டார். காந்தத்துக்கு நடுவே கம்பிச் சுருளை ஆட்டினால் மின்சாரம் வரும், பாட்டரி தேவையில்லை. செய்து கொடுத்தார். ஆனால் அதில் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள்ளேயே இரண்டு நெம்புகள் ஒட்டிப் பிரிந்து பொறி தரும். வேகமாக ஓடும் இன்ஜினுக்கு அது சரிப்படவில்லை. 1902 ஜனவரியில் பாஷின் இன்ஜினீயர் காட்லாப் ஹோனோல்ட், உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதற்குத் தோதான ஸ்பார்க் பிளக்கையும் சேர்த்துக் காப்புரிமை ஆக்கினார். அசையும் பாகம் எதுவும் சிலிண்டருக்குள் இல்லை. நிலையாக ஒரு சின்ன கேப். அவ்வளவே.

அதன்பிறகு பாஷுக்கு ஏறுமுகம்தான். 1912-ல் பத்து லட்சமாவது மேக்னெட்டோ. 1913-ல் அந்தக் கம்பெனியின் விற்பனையில் 88 சதவிகிதம் ஜெர்மனிக்கு வெளியே! (தொழிலாளர்களுக்கு எட்டு மணி நேர வேலையை 1906-லேயே கொடுத்த முதலாளி என்பதையும் சொல்லிவிடுகிறேன். லாபம் பார்க்கத் தெரிந்தவர்தான். ஆனால் கஞ்சன் இல்லை.)

இப்போது ஒரு நிமிடம் நிறுத்தி யோசியுங்கள். பிரிட்டனில் ஓடுகிற லாரி, மோட்டார் சைக்கிள், அப்போதுதான் பறக்கக் கற்றுக்கொண்டிருந்த விமானம் ஆகியவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பொறி தந்தது ஜெர்மன் மேக்னெட்டோ. மலிவாக, தரமாக, தட்டுப்பாடின்றிக் கிடைக்கிறது. நாமே எதற்காகச் செய்ய வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். நியாயமான வியாபாரக் கணக்கு.

1914 ஆகஸ்ட் வந்தது. உலகப் போர் வந்தது. கணக்கு கிழிந்தது!

அந்த வருஷம் செப்டம்பர் 22-ம் தேதி ராத்திரி எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகளைக் கொளுத்திவிட்டுப் போன கதை நமக்கெல்லாம் தெரியும். 'எம்டன்' என்பது தமிழில் ஒரு வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. ஆனால், ஜெர்மனி பிரிட்டிஷ்காரர்களை அடித்த இன்னொரு அடியில் சத்தமும் இல்லை, நெருப்பும் இல்லை. வந்துகொண்டிருந்த மேக்னெட்டோ நின்றுபோனது. விமான இன்ஜின் தயாராக இருக்கும். இறக்கை இருக்கும். பைலட் இருப்பான். பொறிக்கு ஆளில்லை. கையிருப்பில் இருந்த ஜெர்மன் சரக்கைத் தேடித் தேடி எடுத்தார்கள். உள்ளூரில் செய்து பார்த்தால், நுண்ணிய கம்பிச் சுருள், நல்ல காந்தம், மின்சாரம் ஒழுகாத உறை என்று எல்லாவற்றிலும் இடறல். எதிரியின் கடையில் சாமான் வாங்கி எதிரியோடு சண்டை போட முடியாது என்ற ஞானம், குண்டு விழுந்த பிறகு பிறந்தது.

அந்த நெருக்கடியில் பிரிட்டனில் மேக்னெட்டோ செய்யத் தெரிந்த தாம்ஸன்-பென்னட் என்ற கம்பெனியை பர்மிங்ஹாம் ஜோசப் லூகாஸ் நிறுவனம் 1914-லேயே வளைத்துப் போட்டது. விளக்கு செய்துகொண்டிருந்த லூகாஸ், பொறிக்கும் ராஜாவானது இப்படித்தான். அந்தப் பக்கம் அமெரிக்கா, 1917-ல் போருக்குள் குதித்து, 1918-ல் தன் மண்ணிலிருந்த பாஷ் கம்பெனியை எதிரிச் சொத்து என்று பறிமுதல் செய்து விற்றே விட்டது. ராபர்ட் பாஷ் அங்கே மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

லூகாஸை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஓசூர் வரை வரப்போகிறார்.

அதற்குள் அமெரிக்காவில் இன்னொரு மனிதர். சார்லஸ் கெட்டரிங். கடைகளில் 'டிங்' என்று மணியடித்துத் திறக்குமே கல்லாப்பெட்டி, அதற்கு மின்சார மோட்டார் வைத்தவர் இவர்தான். (காமர்ஸ் படித்தவனுக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்?) 1910 மாடல் காடிலாக் காருக்கு பாட்டரியில் இயங்கும் புதிய இக்னிஷன் ஒன்றைக் கொடுத்தார். பாட்டரி, காயில், பாயிண்ட், கண்டென்ஸர். காயிலில் கரன்ட் ஓடிக்கொண்டிருக்கும். சரியான நொடியில் பாயிண்ட் பட்டென்று திறக்கும். ஓட்டம் அறுந்த அதிர்ச்சியில் காயிலின் இன்னொரு சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எகிறும். அது பிளக்கில் பாயும். அம்பாசடரும் ஃபியட்டும், நம் சாலைகளில் ஓடிய அந்தக் காலக் கார்கள் எல்லாமே இந்த கெட்டரிங் சாதனத்தின் பேரப்பிள்ளைகள்தான்.

அதில் ஒரு குறை. பாயிண்ட் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொஞ்சம் கருகும். நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்தால்? தேயும், குழி விழும். இடைவெளி மாறும். பொறி பலவீனமாகும்; நேரமும் தப்பும். ஆக, பழைய வண்டிகளில் இரண்டு கேப். ஒன்று பாயிண்ட்டில், இன்னொன்று பிளக்கில். நிறைய பேர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். புல்லட்டையே எடுத்துக்கொண்டால் பாயிண்ட்டுக்கு 0.4 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் உள்ளே, பிளக்குக்கு 0.5, 0.6 என்று வைப்பது வழக்கம்.

இதை அளக்க 'ஃபீலர் கேஜ்' என்று ஒரு கருவி உண்டு. விசிறி மாதிரி விரியும் மெல்லிய தகடுகள். எத்தனை மெக்கானிக் ஷாப்பில் இருந்திருக்கும் என்கிறீர்கள்? நம்மாட்களுக்கு ஷேவிங் பிளேடு போதும். ஒரு பிளேடு 0.1 மில்லிமீட்டர் கனம். நாலு பிளேடைச் சேர்த்துப் பிடித்தால் 0.4. பாயிண்ட் ஆச்சா? பிளக்குக்கு ஆக்ஸா பிளேடு. கையால் அறுக்கிற ஆக்ஸா பிளேடின் கனம் பெரும்பாலும் 0.63 மில்லிமீட்டர்! ஒரு விமானப் பொறியாளரிடம் போய் 'எங்க ஊரில் ஒரு ரூபாய் சாமானில் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் சுத்தமாக அளப்பார்கள்' என்று சொன்னால் நம்பமாட்டார். நீங்கள் நம்பலாம்.

சரி, 'வெளியே அடிக்குது, உள்ளே அடிக்கலை' புதிருக்கு வருவோம். 1889-ல் ஃப்ரீட்ரிக் பாஷென் (பாஷ் வேறு, பாஷென் வேறு) காற்றின் அழுத்தத்தை மாற்றி மாற்றி, கேப்பை மாற்றி மாற்றி, பொறி தாண்ட எத்தனை வோல்ட் ஆகிறதென்று அளந்தார். கண்டுபிடித்தது இது: நம் பிளக் மாதிரியான இடங்களில் கேப் கூடினாலும் செலவு கூடும், அழுத்தம் கூடினாலும் செலவு கூடும். இரண்டும் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்ளும்.

இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலே வந்து, காற்றும் பெட்ரோலும் கலந்த ஆவியை எட்டு ஒன்பது பங்குக்கு நசுக்கி வைத்திருக்கிறது. வெளியே காற்றில் சுலபமாகத் தாண்டிய அதே அரை மில்லிமீட்டர், உள்ளே பல மடங்கு தடிமனான சுவர். காயில் சோனியாக இருந்தால் வெளியே நீலமாக மினுக்கிவிட்டு உள்ளே கையை விரித்துவிடும். கூடைக்காரர் மீதும் தப்பில்லை, மெக்கானிக் மீதும் தப்பில்லை. இன்ஜின் மேல் பிளக்கை வைத்துப் பார்க்கிற அந்தப் பரீட்சைதான் ரொம்ப சுலபமான வினாத்தாள்!

மொபெட்டில் இன்னொரு சிக்கல். அதில் மேக்னெட்டோ. சக்கரம் வேகமாகச் சுற்றினால் வோல்ட்டேஜ் அதிகம். மெதுவாகச் சுற்றினால் குறைவு. பெடல் மிதிக்கும்போது எவ்வளவு வேகம் வரும்? வரவு மிகக் குறைவாக இருக்கிற அந்த நொடியில்தான் இன்ஜின் கிளம்ப வேண்டும். அதனால்தான் கேப்பைச் சின்னதாக, அரை மில்லிமீட்டராக வைத்தார்கள். அந்த அளவைத் தீர்மானித்தது பிளக் கம்பெனி அல்ல, மிதிப்பவரின் கால்!

அந்த மொபெட் எங்கே பிறந்தது? 1980-ல் டி.வி.எஸ். 50 என்ற பெயரில், இரண்டு பேர் உட்காரக்கூடிய இந்தியாவின் முதல் மொபெட்டாக, ஓசூரில். அப்போது ஓசூர் தர்மபுரி மாவட்டம். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும் வரைக்கும் பாலக்கோட்டுக்காரருக்கு அது சொந்த மாவட்டத்துச் சரக்கு.

லூகாஸைச் சொன்னேனே. 1960களின் தொடக்கத்தில் டி.வி.எஸ். குழுமத்தோடு சேர்ந்து சென்னை பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். ஆனார். பாஷும் சும்மா இல்லை. 1951-ல் சென்னையில் பதிவான மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, அதாவது 'மைகோ', பெங்களூரு ஆடுகோடியில் தொழிற்சாலை போட்டது. மைகோ பிளக்கைப் பார்க்காத மெக்கானிக் கிடையாது. (2008-ல் பெயர் பாஷ் லிமிடெட் என்று மாறியது. இன்னமும் 'மைகோ பிளக்' என்று கேட்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள்.) 1914-ல் எதிரெதிர் அணியில் நின்ற இரண்டு வம்சங்களும், ஓசூரிலிருந்து ஆளுக்கொரு திசையில் கடை விரித்தன.

1984-ல் லூகாஸ் வழிவந்த நம்மூர் நிறுவனமும் ஜப்பானின் கோகுசான் டெங்கியும் கூட்டு சேர்ந்து 'இந்தியா நிப்பான் எலெக்ட்ரிகல்ஸ்' என்று ஒன்றைத் தொடங்கின. ஓசூரில் தொழிற்சாலை. வேலை? இரு சக்கர வண்டிகளுக்கு எலெக்ட்ரானிக் இக்னிஷன். அதே வருஷம் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி பைக் வந்தது. அடுத்தடுத்து இந்தோ-ஜப்பானிய பைக்குகள். அவற்றோடு மெக்கானிக்குகளின் அகராதியில் ஒரு மூன்றெழுத்து மந்திரம் ஏறியது: சி.டி.ஐ.

பாயிண்ட்டை ஒழித்துக் கட்டிய மந்திரம். ஆனால் ஐடியா புதிதல்ல. மின்சாரத்தை ஒரு கண்டென்ஸரில் சேர்த்து வைத்து மொத்தமாகக் காயிலில் கொட்டும் யோசனைக்கு நிக்கோலா டெஸ்லா 1898-லேயே அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். அவர் காலத்தில் அதைச் செய்ய எலெக்ட்ரானிக்ஸ் இல்லை. எழுபது வருஷம் காத்திருந்து, 1969-ல் கவாஸாகியின் 500 சி.சி. மூன்று சிலிண்டர் பைக்கில் சி.டி.ஐ. வந்தது. அதன் பிளக்கில் வளைந்த பக்கக் கம்பியே கிடையாது. நடுக் கம்பியிலிருந்து சுற்று வளையத்துக்கு, பீங்கான் மேலேயே பொறி ஊர்ந்து போகும். கேப் வைக்கிற வேலையே மிச்சம்!

டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு சி.டி.ஐ. ஏன் வரப்பிரசாதம் தெரியுமா? பெட்ரோலோடு ஆயிலும் எரிவதால் பிளக்கின் பீங்கானில் கரி படியும். கரி வழியாகக் கரன்ட் ஒழுகும். பாயிண்ட் செட்டில் வோல்ட்டேஜ் நிதானமாக ஏறும். ஓட்டைப் பானையில் குழாய்த் தண்ணீர் பிடிப்பது போல. நிரம்புவதற்குள் ஒழுகிவிடும். சி.டி.ஐ. அதே பானையில் ஒரு வாளித் தண்ணீரை விசிறி அடிக்கிறது. ஒழுக நேரமே இல்லை. பிளக் அழுக்காக இருந்தாலும் அடிக்கும்.

ஆனால் இங்கேதான் எல்லோரும் சறுக்குகிற இடம். சி.டி.ஐ. பொறி பலமானது என்றதும், அது ரொம்ப நேரம் எரியும் என்று நினைத்துவிடுகிறோம். இல்லை. சிவகாசி பாஷையில் சொன்னால், அது ஊசி வெடி. படாரென்று வெடித்து முடிந்துவிடும். பழைய பாயிண்ட் செட்டின் காயில், கம்பி மத்தாப்பு. பலம் கம்மி, ஆயுள் அதிகம். பாயிண்ட்டுக்குப் பதில் டிரான்ஸிஸ்டர் வைத்த இன்னொரு வகை எலெக்ட்ரானிக் இக்னிஷன் இருக்கிறது. அது மத்தாப்பு குலம்தான். கொஞ்சம் கொழுத்த மத்தாப்பு. ஆகவே 'எலெக்ட்ரானிக் மாட்டியாச்சு, கேப் எவ்வளவு வைக்கலாம்?' என்று யாராவது கேட்டால், முதல் பதில் கேள்விதான்: 'எந்த எலெக்ட்ரானிக்?'

கேப்பை ஏன் பெரிதாக்க வேண்டும் என்று கேட்கிறீர்களா? பொறி நீளமாக இருந்தால் அதைத் தொடுகிற பெட்ரோல் ஆவியும் அதிகம். நெருப்பு பிடிக்க சௌகரியம். குறிப்பாக, பெட்ரோலைக் குறைத்துக் காற்றை அதிகமாக்கி ஓட்டும்போது. 1970-ல் அமெரிக்கா காற்று மாசுச் சட்டத்தைக் கடுமையாக்கியபோது கார் கம்பெனிகளுக்கு இந்தத் தேவை வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1975 மாடல்களில் 'ஹை எனர்ஜி இக்னிஷன்' என்று டிரான்ஸிஸ்டர் செட்டைக் கொண்டுவந்தது. கேப்? சிலவற்றில் 1.5 மில்லிமீட்டர். சில கார்களில் 2 மில்லிமீட்டர் வரை! கெட்டரிங் காலத்து இன்ஜினீயர் பார்த்தால் மயக்கம் போட்டிருப்பார்.

என்ன ஆயிற்று? வண்டிகள் ஓடின. கொஞ்ச நாள் கழித்து வேறு எங்கெங்கோ ஓட்டை விழுந்தது. மின்சாரத்துக்கு ஒரு குணம்: கேப்பைத் தாண்டுவது கஷ்டம் என்றால் வீட்டுக்குப் போகாது, வேறு வழி தேடும். பிளக் ஒயரின் ரப்பரைக் கிழிக்கும். டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியில் கோடு கிழிக்கும். உள்ளே சுழலும் ரோட்டரைத் துளைக்கும். பிற்பாடு வந்த மாடல்களில் ராட்சச கேப்பைச் சத்தமில்லாமல் குறைத்துக்கொண்டார்கள். உலகத்தின் மிகப் பெரிய கார் கம்பெனிக்கே கேப் பாடம் எடுத்திருக்கிறது!

இந்த வரலாற்றை மனதில் வைத்துக்கொண்டு, கடையில் தனியாக வாங்கி மாட்டுகிற இக்னிஷன் செட்டுக்கு வாருங்கள். மைசூர் யெஸ்டி தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்ட பிறகும் ஜாவா, யெஸ்டியை விடாமல் வைத்திருப்பவர்கள் பலர், பாயிண்ட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, 12 வோல்ட் எலெக்ட்ரானிக் செட் மாட்டிக்கொள்கிறார்கள். ஜாவாவின் தாய்நாடான செக் நாட்டிலிருந்தே அப்படிப்பட்ட செட்கள் வருகின்றன. பழைய புல்லட்காரர்களும் இதே ஜாதி. பெட்டியைப் பிரித்ததும் அவர்களுக்கு வருகிற ஆசை: 'சும்மா கேப்பை ஒரு மில்லிமீட்டர் ஆக்கினால் பிக்கப் பிச்சுக்கும்!'

கொஞ்சம் பொறுங்கள். புதுப் பெட்டி வந்துவிட்டது, சரி. பழைய காயில்தானே இருக்கிறது? பழைய ஒயர், பழைய பிளக் கேப்பு? வரவு கூடியதா என்று பார்க்காமல் செலவை இரட்டிப்பாக்குவது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இல்லை. காயிலும் சேர்ந்து வந்த செட் என்றால், அதோடு வந்த தாளில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதை வையுங்கள். அளவு போடவில்லையா? வண்டிக் கம்பெனி சொன்ன பழைய அளவிலேயே ஆரம்பியுங்கள். பிறகு 0.1 மில்லிமீட்டர் மட்டும் கூட்டுங்கள் - அதாவது ஒரு ஷேவிங் பிளேடு. நாலு நாள் ஓட்டுங்கள். மேட்டில், இரண்டு பேரோடு, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகும்போது மிஸ்ஸிங் அடிக்கிறதா என்று கவனியுங்கள். சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்துக்குப் போவது அப்போதுதான். பாஷென் துரை வந்து கணக்கு கேட்பதும் அப்போதுதான். லேசாக விக்கினாலும் ஒரு பிளேடு பின்வாங்குங்கள். சமதரையில் 'ஸ்மூத்'தாக ஓடுகிறது என்பதெல்லாம் சாட்சியே அல்ல.

ராத்திரி, விளக்கில்லாத இடத்தில் இன்ஜினை ஓடவிட்டு ஒயரைப் பாருங்கள். தொட வேண்டாம், பார்த்தால் போதும். நீலப் பூச்சி மாதிரி ஏதாவது மினுக்கினால் கரன்ட் குறுக்கு வழி கண்டுபிடித்துவிட்டது. மழைக்காலத்தில் அது பெருவழி ஆகிவிடும்.

கேப்பைக் குறைக்க வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. இன்ஜினைப் பிரித்து கம்ப்ரஷன் கூட்டியிருந்தால், குறைக்க வேண்டும். பெட்ரோல் வண்டியை கேஸுக்கு மாற்றியிருந்தாலும் அப்படியே. கேஸைப் பற்ற வைக்க அதிக வோல்ட்டேஜ் ஆகும். எல்.பி.ஜி. ஆட்டோக்காரர்கள் பலரின் கை தானாகவே கேப்பைக் கொஞ்சம் தட்டிவிடும். அவர்களுக்கு பாஷென் பெயர் தெரியாது. தீர்ப்பு தெரியும்.

இன்னொன்று. ஓட ஓட, கம்பி நுனி கரைந்து கேப் தானே பெரிதாகும். நீங்கள் கை வைக்காமல் இருந்தாலும் செலவு ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

டி.வி.எஸ். 50 போய், அதன் வாரிசான டூ ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். சூப்பரும் 2017-ல் வந்த பி.எஸ். 4 மாசு விதிகளோடு விடைபெற்றது. 2015-ல் வந்த எக்ஸ்.எல். 100 ஃபோர் ஸ்ட்ரோக். 2020-ல் பி.எஸ். 6 வந்தபோது அதற்கும் எலெக்ட்ரானிக் ஃப்யூயல் இன்ஜெக்ஷன். பாயிண்ட் தேய்க்க உப்புத்தாளும் வேண்டாம், நாலு பிளேடும் வேண்டாம். பிளக் கேப் மட்டும் இன்னமும் இருக்கிறது. கம்பெனியில் வைத்தபடி வருகிறது.

அப்படியும் நீங்களே வைக்கப் போகிறீர்கள் என்றால், பக்கக் கம்பியை மட்டும் வளையுங்கள். பெரிதாக்க, மூக்குக் குறடால் அதை மட்டும் மெதுவாகத் தூக்குங்கள். குறைக்க, கட்டையில் லேசாக ஒரு தட்டு. ஸ்க்ரூ டிரைவரை நடுக் கம்பியில் ஊன்றி நெம்பினால், பீங்கான் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும். இப்போது பல பேர் மாட்டிக்கொள்ளும் இரிடியம் பிளக் என்றால் இன்னும் உஷார். அதில் சில ரகங்களின் நடுக்கம்பி வெறும் 0.4 மில்லிமீட்டர் தடிமன். அதனுள்ளே ஆக்ஸா பிளேடை விட்டு இழுத்தீர்களானால், கழுத்தோடு போய்விடும். நூற்றுக்கணக்கில் காசு!

முடித்ததும் ஒரு இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் காபிப் பொடி நிறத்தில் இருந்தால் மாட்டிவிட்டு நிம்மதியாகப் போங்கள். கன்னங்கரேலென்று இருந்தாலோ, சுண்ணாம்பாக வெளுத்திருந்தாலோ, அது கேப் பிரச்னை இல்லை. கார்புரேட்டரைப் பாருங்கள்.